ஆறாம் பாரம் கணக்கு வகுப்பில் ஆண்டவர் தந்த பதில்

1942ஆம் வருஷம் நவம்பர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மூன்றாம் பீரியடில், ஒரு மாணவனை வகுப்பை விட்டு வெளியே அனுப்பினேன். அவன் செய்த குற்றம் ஒரு கணக்கைப் பற்றிக் கேட்டதுதான். அந்தக் கணக்கு எனக்குத் தெரியாது. என் சாட்சியை அந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அன்பான சபையாரே, போதகர் ஐயா ஒரு மாதமாக என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். சென்ற வாரம் இதே இடத்தில் நின்ற சகோதரி, தம் குழந்தை விஷ சுரத்திலிருந்து பிழைத்ததைச் சொன்னார்கள். கேட்டவர்கள் எல்லோரும் அழுதோம். என் சாட்சியில் வியாதி இல்லை, சாவு இல்லை. ஒரு ஜியோமெட்ரிக் கணக்கு இருக்கிறது. அதனாலேயே ஏழு வருஷமாக இதைச் சொல்லக் கூச்சப்பட்டேன். இன்றைக்கும் எழுதிக்கொண்டு வந்துதான் வாசிக்கிறேன். வாயால் சொன்னால் எனக்கு அவமானமான இடங்களைத் தாண்டிப் போய்விடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. சொந்த ஊர் திருநெல்வேலிக்குத் தெற்கே. பி.ஏ.யில் சரித்திரம் படித்தவன். தர்மபுரிப் பக்கம் ஒரு ஹைஸ்கூலில் சரித்திரமும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுக்கத் தற்காலிகமாக ஒரு வேலை கிடைத்தது. ஊர்ப் பெயரையும் பள்ளிக்கூடத்தின் பெயரையும் சொல்லாமல் விடுகிறேன். அங்கே யார்மேலும் குறை இல்லை. மொரப்பூரில் இறங்கினேன். அங்கிருந்து போய்க்கொண்டிருந்த சின்ன ரயிலை யுத்தத்துக்காக நிறுத்திவிட்டிருந்தார்கள். கரியில் ஓடுகிற பஸ் ஒன்றில் டிரங்குப் பெட்டியோடு ஏறி, மேலெல்லாம் கரியாகப் போய்ச் சேர்ந்தேன்.

ஜூலை மாதத்தில் அங்கிருந்த கணக்கு வாத்தியார் மிலிட்டரி ஆபீஸ் வேலை கிடைத்துப் போய்விட்டார். ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார்.

“நீங்க இன்டர்மீடியட்ல கணக்கு எடுத்திருந்தீங்களாமே?”

“ஆமாம் சார்.”

“ஆறாம் பாரத்துல அஞ்சு பேரு கணக்கை விருப்பப் பாடமா எடுத்திருக்காங்க. அல்ஜீப்ரா, ஜியோமெட்ரி. மார்ச்சுல பரீட்சை. வேற ஆள் வர்றவரைக்கும் நீங்க பாத்துக்க முடியுங்களா?”

“பாத்துக்கறேன் சார்.”

நான் சொன்னதில் பொய் இல்லை. இன்டர்மீடியட்டில் கணக்கு எடுத்திருந்தேன். ஆனால் முதல் தடவை அதில் தோற்றேன் என்று சொல்லவில்லை. இரண்டாம் தடவை புத்தகத்தில் இருந்த தேற்றங்களை எழுத்துக்கு எழுத்து நெட்டுருப் போட்டு, எதுவும் புரியாமலே தேறினேன் என்றும் சொல்லவில்லை. தற்காலிக வேலைக்காரன், இல்லை என்றால் அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் ஒரு பக்கம். ஒரு பெரிய மனிதர் என்னை நம்பிக் கேட்கிறாரே என்ற பெருமை இன்னொரு பக்கம். இரண்டில் எது பெரிது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான ஆறாம் பாரத்தில் அந்த விருப்பப் பாடத்தை யார் எடுப்பார்கள் என்றால், காலேஜில் போய்க் கணக்கோ சயன்ஸோ படிக்க நினைக்கிறவர்கள். சாதாரணக் கணக்கு எல்லோருக்கும் உண்டு. இது அதற்கு மேலே. ஜியோமெட்ரி பேப்பரில் தேற்றங்களை எழுதினால் பாதி மார்க்குதான் கிடைக்கும். மீதிப் பாதிக்கு ‘ரைடர்’ என்று கேட்பார்கள். தேற்றத்தை வைத்துக்கொண்டு மாணவனே சொந்தமாக யோசித்து நிரூபிக்க வேண்டும். புத்தகத்தில் விடை இருக்காது. மனப்பாடம் அங்கே உதவாது.

தினமும் விடியற்காலையில் எழுந்து அன்றைய தேற்றத்தை மனப்பாடம் செய்வேன். வகுப்பில் போய்க் கரும்பலகையில் மளமளவென்று எழுதுவேன். எழுதி முடித்ததும் உடனே அழித்துவிடுவேன். ரைடர்கள் இருக்கும் பக்கம் வந்தால், “இதெல்லாம் பிறகு பார்க்கலாம், முதலில் தேற்றத்தைப் படியுங்கள்” என்பேன். ஜூலை போய் ஆகஸ்ட் வந்தது. செப்டம்பர் வந்தது. அந்தப் ‘பிறகு’ வரவேயில்லை.

அந்த மாதங்களில் நான் இருந்த தனிமையை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. தானிய மண்டிக்காரர் ஒருவர் வீட்டின் பின்கட்டில் ஓர் அறை. சாப்பாடு ஒரு சின்ன ஹோட்டலில், சுவரைப் பார்த்தபடி. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, பொழுது சாய்ந்தால் படுக்கைதான். என் பேச்சு அவர்களுக்குச் சிரிப்பாக இருந்தது. வகுப்பில் ஒருமுறை “ஏலே” என்று சொல்லிவிட்டேன், ஐந்து பேரும் குனிந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகு பாடத்தைத் தவிர எதையும் பேசுவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

மற்ற வாத்தியார்கள் நல்லவர்கள். சாயங்காலம் காப்பி சாப்பிடக் கூப்பிடுவார்கள். நான் போகமாட்டேன். யாராவது நெருங்கி வந்தால் கணக்கு வகுப்பு எப்படிப் போகிறது என்று கேட்டுவிடுவார்களே. சரித்திர வகுப்பு இல்லாத நேரத்தில் யார் கண்ணிலும் படாமல் ஏரிக்கரைப் பக்கம் போய் உட்கார்ந்திருப்பேன். தனியாக இருந்தேன் என்று சொன்னால் அது முழு உண்மை இல்லை. தனியாக இருக்கும்படி நானே பார்த்துக்கொண்டேன்.

அந்த ஊரில் நம்மவர்கள் யாரும் இல்லை. ஆலயம் பஸ் ஏறிப் போகிற தூரம். ஞாயிற்றுக்கிழமைகளில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே கேட்காதபடி மெதுவாக ஒரு பாட்டுப் பாடி, வேதம் வாசித்து, ஜெபம் பண்ணுவேன். ஒரு ஞாயிறு மண்டிக்காரர் மனைவி கதவைத் தட்டினார்.

“சாரு, உள்ளாற ஆராச்சும் வந்திருக்காங்களா? பேச்சுச் சத்தம் கேட்டுதுங்க.”

“யாரும் இல்லைம்மா. நான்தான்.”

அவர் அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அன்றைக்கு மத்தியானம் ஒரு கிண்ணத்தில் பாயசம் கொடுத்தனுப்பினார்.

இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். வகுப்பில் மாதையன் என்று ஒருவன் இருந்தான். ஏரியூர்ப் பக்கத்தான். அப்பா இறந்துபோய் இரண்டு வருஷம் படிப்பை நிறுத்திவிட்டு, காட்டு வேலை பார்த்துவிட்டு, மறுபடியும் வந்து சேர்ந்தவன். இருபது வயது. என்னைவிட மூன்று வயதுதான் சின்னவன், தோளில் என்னைவிடப் பெரியவன். உறவுக்காரர் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு அவன் எழுந்து நின்றான்.

“சார், பழைய கேள்வித்தாள்ல ஒரு ரைடர் இருக்குதுங்க. ரெண்டு வட்டம் ஒண்ணையொண்ணு ரெண்டு எடத்துல வெட்டுதுங்க. அதுல ஒரு புள்ளி வழியா ஒரு கோடு போயி, ரெண்டு வட்டத்தையும் மறுபடி வெட்டுற எடத்துல முடியுது. அந்தக் கோட்டோட ரெண்டு முனையும் மத்தப் புள்ளியில உண்டாக்குற கோணம் எப்பவும் மாறாதுன்னு நிரூபிக்கச் சொல்றாங்க. ஒருக்கா போட்டுக் காட்டுங்க சார்.”

கரும்பலகையில் இரண்டு வட்டம் போட்டேன். கோட்டை வரைந்தேன். அதற்கு மேல் கை போகவில்லை. முதுகுக்குப் பின்னால் ஐந்து பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையில் இருந்த சாக்குக்கட்டி வியர்வையில் ஈரமாகிவிட்டது. ஒரு நிமிஷம் இருக்கும். திரும்பினேன்.

“புத்தகத்தில் இல்லாததை எல்லாம் கேட்டு வகுப்பைக் கெடுக்காதே. வெளியே போ.”

அவன் வெளியே போய் வராந்தாவில் நின்றான். மணி அடிக்கும் வரை அவன் தலை ஜன்னலில் தெரிந்துகொண்டே இருந்தது. நான் தேற்றம் சொல்லிக்கொடுத்தேன்.

டிசம்பர் முதல் வாரத்தில் அரைப் பரீட்சை. பழைய பொதுப் பரீட்சைத் தாளைப் போலவே இருக்க வேண்டும் என்று ஹெட்மாஸ்டரே கேள்வித்தாள் தயாரித்தார். ஐந்து பேரும் ஜியோமெட்ரியில் தோற்றார்கள். ரைடர்களில் ஒருவருக்கும் ஒரு மார்க்குகூட இல்லை.

“என்னங்க சார் இது?” என்றார் ஹெட்மாஸ்டர். “மார்ச்சுக்குள்ள சரியாயிடுங்களா?”

“ஆயிடும் சார்” என்றேன்.

அடுத்த திங்கள்கிழமை மாதையன் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. ரங்கசாமி என்று துணிக்கடைக்காரர் மகன் ஒருவன் உண்டு, வாயே திறக்காத பிள்ளை. அவனிடம் கேட்டேன்.

“அவன் படிப்பை வுட்டுட்டானுங்க சார். ஊருக்குப் போயிட்டான்.”

பொதுப் பரீட்சைக்குப் பெயர்ப் பட்டியல் ஜனவரியில் போக வேண்டும். அதில் பெயர் இல்லாவிட்டால் அந்த வருஷம் போயிற்று. இரண்டு வருஷம் இழந்துவிட்டு வந்தவன் மூன்றாவது தடவை வரமாட்டான் என்று எனக்குத் தெரியும்.

அந்த மாதம் நான் ஜெபம் பண்ணினேன். எப்படிப்பட்ட ஜெபம் என்று உங்களிடம் மறைக்கக் கூடாது. எனக்கு வேறு ஊருக்கு மாற்றல் வேண்டும் என்று கேட்டேன். நல்ல காய்ச்சல் வந்து ஒரு மாதம் படுக்க வேண்டும் என்று கேட்டேன். யுத்தம் இன்னும் கிட்டத்தில் வந்து பரீட்சையே நின்றுபோக வேண்டும் என்றுகூட ஒருநாள் கேட்டேன். அதைக் கேட்ட பிறகு என்மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது. பிறகு, தூங்கி எழும்போது கணக்கு எல்லாம் எனக்குப் புரிந்துவிட வேண்டும் என்று கேட்டேன். ஒவ்வொரு காலையும் எழுந்தவுடன் புத்தகத்தைத் திறந்து பார்ப்பேன். ஒன்றும் புரியாது. மூன்று வாரம் இப்படிப் போயிற்று. ஆண்டவர் என்னைக் கைவிட்டுவிட்டார் என்றே நினைத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகவில்லை. ரயிலில் சிப்பாய்க் கூட்டம், இடம் கிடைக்கவில்லை என்று அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன். டிக்கெட் கேட்கவே நான் போகவில்லை. வேலை எப்படியப்பா இருக்கிறது என்று அவர் கேட்பார். அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

வெள்ளிக்கிழமை கிறிஸ்துமஸ். ஊருக்கு அது சாதாரண நாள். வண்டிகள் போயின, பெண்கள் தண்ணீர் எடுத்தார்கள். வாழ்த்துச் சொல்ல யாரும் இல்லை. காலை ஒன்பது மணிக்கு மேல் அறையில் இருக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போய், ஒரு புத்தகம் எடுக்க வேண்டும் என்று பியூனிடம் சாவி வாங்கினேன். ஆறாம் பாரத்து அறையைத் திறந்தேன். விடுமுறை ஆனதால் தூசி. பெஞ்சுகளுக்கு நடுவில், தரையில் முழங்கால் போட்டேன்.

வெகுநேரம் அப்படியே இருந்தேன். பிறகு என் வாயிலிருந்து ஒரே ஒரு வாக்கியம் வந்தது. “ஆண்டவரே, எனக்கு இந்தக் கணக்கு தெரியாது.”

சபையாரே, ஆறு மாதத்தில் அதைச் சத்தமாக நான் சொன்னது அதுதான் முதல் தடவை. ஆண்டவருக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் அவரிடம்கூட நான் அதைச் சொல்லியிருக்கவில்லை. மாற்றல் கேட்டேன், காய்ச்சல் கேட்டேன், அறிவு கேட்டேன். தெரியாது என்பதை மட்டும் மறைத்தே ஜெபம் பண்ணியிருக்கிறேன். சொன்னதும் அழுகை வந்தது. சிறுபிள்ளைபோல் அழுதேன்.

சத்தம் எதுவும் கேட்கவில்லை, வெளிச்சம் எதுவும் தெரியவில்லை. ஒன்று மட்டும் மனதில் வந்து நின்றது. என்னிடம் சொன்னதை அவர்களிடமும் சொல், முதலில் மாதையனிடம் போ. அது என் யோசனையாக இருந்திருக்க முடியாது. என் யோசனைகள் எல்லாம் அதற்கு எதிர்த் திசையில் ஓடுகிறவை. முடியாது என்று மன்றாடினேன். மத்தியானம் வரை அதே எண்ணம் அசையாமல் நின்றது. கடைசியில், போகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

மறுநாள் காலை பென்னாகரத்துக்கு பஸ் ஏறினேன். அங்கிருந்து ஏரியூர் ரோட்டில் நடந்தேன். பாதி வழியில் ஒரு மாட்டுவண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார். மாதையன் வீட்டைக் கேட்டுக் கேட்டுப் போனபோது உச்சிப்பொழுது. களத்தில் ராகிக் கதிரைப் பரப்பி மாடு ஓட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான்.

“வாங்க சார். என்னங்க சார் இவ்வளவு தூரம்?”

“ஆருடா மாதையா?” என்று வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

“எங்க பள்ளிக்கூடத்து சாரு, ஆத்தா.”

அவன் அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போனார். நான் தண்ணீரைக் குடித்தேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்தது எல்லாம் மறந்துபோயிற்று.

“மாதையா, அன்றைக்கு உன்னை வெளியே அனுப்பினேனே. அந்த ரைடர் எனக்குத் தெரியாது. அதனாலதான் அனுப்பினேன். உன்மேல ஒரு தப்பும் இல்லை.”

அவன் மாட்டை நிறுத்தினான்.

“தெரியுமுங்க சார்.”

“என்ன தெரியும்?”

“உங்களுக்கு ரைடர் வராதுன்னு தெரியுமுங்க. ஆகஸ்ட் மாசத்துலயே தெரியும். அஞ்சு பேருக்கும் தெரியுமுங்க.”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

“பின்னே ஏன் ஹெட்மாஸ்டர்கிட்ட சொல்லலை?”

“சொன்னா உங்க வேலை போயிடுமில்லீங்களா. தெக்கத்திப் பக்கமிருந்து ஒண்டியா வந்து கெடக்கறாரு, அவர எதுக்கு மாட்டிவுடறதுன்னு நாங்களே பேசிக்கிட்டோமுங்க.”

“அப்ப நவம்பர்ல ஏன் கேட்டே?”

அவன் குனிந்து சிதறிய கதிர்களைக் களத்துக்குள் தள்ளினான்.

“உங்களச் சங்கடப்படுத்தணும்னு கேக்கலீங்க. ஒருக்கா நீங்க தெரியலைன்னு சொல்லிட்டீங்கன்னா, அப்புறம் எல்லாரும் கூடி உக்காந்து பாத்துக்கலாம்னு நெனச்சேனுங்க. எத்தனை நாளைக்குங்க நீங்களும் தனியா முழிப்பீங்க, நாங்களும் தனியா முழிப்போம்?”

நான் அழுதேன். அவன் பார்க்காததுபோல் மாட்டை ஓட்டப் போய்விட்டான். இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தான்.

படிப்பை ஏன் விட்டான் என்று கேட்டேன். “பெயிலாவறது எப்படியும் நிச்சயமுங்க. இங்க ஆத்தா ஒண்டியா பாடுபடறா. வூட்டோட இருந்துட்டாலாவது அவளுக்கு ஒத்தாசையா இருக்கும்னு வந்துட்டேனுங்க” என்றான். கோபமே இல்லாமல் சொன்னான். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அவன் அம்மா எங்கள் இருவருக்கும் ராகிக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டார். ஜூன் மாதத்துக்குப் பிறகு இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் சாப்பிட்டது அன்றைக்குத்தான். களி எனக்குப் பழக்கமில்லை. இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பிட்ட பிறகு களத்து ஓரத்தில் குச்சியால் இரண்டு வட்டம் போட்டு இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். ஒரு மணி நேரம் இருக்கும். வரவில்லை. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். கிளம்பும்போது அவன் அம்மா வாசல்வரை வந்தார்.

“இவன் திரும்பி வந்தா தேறிடுவானுங்களா சார்?”

தேறிவிடுவான் என்று சொல்லத்தான் வாய் பழகியிருந்தது. “தெரியலைங்கம்மா” என்றேன். “உக்காந்து பாக்கறோம். அது மட்டும் சொல்ல முடியும்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “அப்படின்னா கூட்டிக்கிட்டுப் போங்க” என்றார். “கேவுரு அடிக்கிறத நான் பாத்துக்கறேன்.”

ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள், முதலில் ஹெட்மாஸ்டர் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“இத ஜூலையில சொல்லியிருந்தா சேலத்துல யாரையாச்சும் பாத்திருப்பேன். இப்ப ஜனவரி. நான் எங்க போய் ஆளைத் தேடறது?”

“தப்புதான் சார்.”

“ஏப்ரலுக்கு மேல உங்களை வெச்சுக்க முடியாது. மேலிடத்துக்கு நான் எழுதித்தான் ஆகணும்.”

“எழுதுங்க சார்.”

அவர் கோபமாகத்தான் இருந்தார். ஆனால் அன்று மத்தியானம் தம் அலமாரியிலிருந்து பழைய கேள்வித்தாள் கட்டு ஒன்றை பியூனிடம் கொடுத்தனுப்பினார். சீட்டு எதுவும் வைக்கவில்லை.

வகுப்பில் ஐந்து பேரிடமும் சொன்னேன். அவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் நான் சொல்லி முடித்ததும் அறையே மூச்சு விட்டதுபோல் இருந்தது. நாற்காலியை மூலையில் தள்ளிவிட்டு அவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்தேன். ஆறாவது மாணவன் நான். ஒவ்வொருவரும் ஒரு ரைடரை எடுத்துக்கொள்வோம். காகிதம் கிடைக்காத காலம், சிலேட்டில் போட்டுப் போட்டு அழிப்போம். யாருக்கு வந்ததோ அவர் எழுந்து மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். பல நாள் ஒருவருக்கும் வராது. வராத நாள் எனக்குப் பயமாக இருக்கவில்லை.

நவம்பரில் நான் நின்றுபோன அந்த ரைடர் இரண்டு வாரம் கழித்து வந்தது. போட்டது ரங்கசாமி. இரண்டு வட்டமும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகளையும் ஒரு கோட்டால் சேர்த்தான். அந்தக் கோடு விழுந்ததும், பழைய கோட்டின் இரண்டு முனையும் மற்றப் புள்ளியும் சேர்ந்த முக்கோணத்தில், அந்த முனைகள் இரண்டிலும் இருப்பது மாறாத கோணங்கள் என்று தெரிந்துவிட்டது. இரண்டு மாறாவிட்டால் மூன்றாவதும் மாற முடியாது. அவன் அதைச் சொல்லி முடிக்கும்போது காது சிவந்திருந்தது. அந்தப் பிள்ளை அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

பிப்ரவரியிலிருந்து ஞாயிற்றுக்கிழமையும் என் அறைக்கு வர ஆரம்பித்தார்கள். நான் ஜெபத்தை முடிக்கும்வரை வெளியே படியில் உட்கார்ந்திருப்பார்கள். “முடிஞ்சிடுச்சுங்களா சார்?” என்று மாதையன் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவான். ஒரு ஞாயிறு, “எங்க பேரையும் சொல்லி வேண்டிக்குங்க சார்” என்றான். ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி ஜெபித்தேன். அதற்குப் பிறகு பாட்டையும் கொஞ்சம் சத்தமாகவே பாடினேன்.

மார்ச்சில் பரீட்சை. கரி பஸ்ஸில் ஆறு பேரும் போனோம். ஜியோமெட்ரித் தாள் அன்று நான் வெளியே வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டே இருந்தேன். உள்ளே போக முடியாத அந்த மூன்று மணி நேரம், அவர்கள் ஒவ்வொருவருக்காகவும் தனித்தனியாக ஜெபித்தேன். வெளியே வந்ததும் மாதையன், “ரெண்டு ரைடர் போட்டேனுங்க. ஒண்ணு வரலீங்க” என்றான். வரவில்லை என்பதை அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான்.

முடிவு வந்தபோது நான் அங்கே இல்லை. ஏப்ரலோடு என் வேலை போய், திருநெல்வேலியில் அப்பா வீட்டில் இருந்தேன். அப்பாவிடமும் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். மாதையன் எழுதிய கார்டு வந்தது. நான்கு பேர் தேறியிருந்தார்கள். அவனும் தேறியிருந்தான். ரங்கசாமி கணக்கில் தேறவில்லை.

இந்த இடத்தைத் தாண்டிப் போகக் கூடாது என்றுதான் எழுதிக்கொண்டு வந்தேன். அந்த ரைடரைப் போட்ட பிள்ளைதான் தோற்றான். பத்து வாரம் போதவில்லை. நான் வீணாக்கிய ஆறு மாதம் அவனுக்குத் தேவையாக இருந்தது. அடுத்த வருஷம் நான் மறுபடியும் தர்மபுரி அடங்கிய சேலம் ஜில்லாவுக்கு வேலைக்கு வந்தபோது முதலில் அவன் கடைக்குத்தான் போனேன். மன்னிப்புக் கேட்டேன். துணியை மடித்துக்கொண்டே, “அதெல்லாம் இல்லீங்க சார், எனக்குக் கடைதான் சரி” என்றான். பிறகு எனக்கு ஒரு துண்டைக் கிழித்துக் கட்டிக் கையில் வைத்தான். அவனுக்காக இன்றைக்கும் ஜெபிக்கிறேன். ஆண்டவர் என்னை மன்னித்தார் என்று நம்புகிறேன். ஆனால் மன்னிப்புக் கிடைத்ததால் அவனுக்குப் போன வருஷம் திரும்பி வந்துவிடவில்லை. இதையும் சேர்த்துச் சொன்னால்தான் என் சாட்சி உண்மையாகும்.

மாதையன் சேலத்தில் காலேஜ் முடித்து இப்போது உத்தியோகத்தில் இருக்கிறான். என் வேலை போனதில் எனக்கு வருத்தம் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். பிறகு டிரெய்னிங் முடித்து, சரித்திர வாத்தியாராகவே இருக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் முதல் நாள் வகுப்பில் பிள்ளைகளிடம், எனக்குத் தெரியாததைக் கேட்டால் தெரியாது என்றே சொல்வேன், சேர்ந்து தேடலாம் என்று சொல்லிவிட்டுத்தான் புத்தகத்தைத் திறக்கிறேன். இந்த ஏழு வருஷத்தில் ஒரு பிள்ளையையும் கேள்வி கேட்டதற்காக வெளியே அனுப்பவில்லை. சாயங்காலம் காப்பிக்கு யார் கூப்பிட்டாலும் போகிறேன்.

நான் கேட்ட எதையும் ஆண்டவர் தரவில்லை. மாற்றலும் தரவில்லை, காய்ச்சலும் தரவில்லை, கணக்கு மூளையும் தரவில்லை. நான் கேட்கத் தெரியாமல் இருந்ததைத் தந்தார். என் குறையை ஆகஸ்டிலேயே கண்டுகொண்டு, என்மேல் இரக்கப்பட்டு வாய்மூடி இருந்த ஐந்து பேரை அவர் எனக்கு முன்கூட்டியே அந்த அறையில் உட்காரவைத்திருந்தார். அதற்காக அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

இங்கே இருக்கிறவர்களில் யாராவது அப்படித் தனியாக இருக்கலாம். வேலையில் இருக்கலாம், வீட்டில் இருக்கலாம், ஜெபத்தில்கூட இருக்கலாம். எழுந்து வந்து எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள் என்று நான் கேட்கமாட்டேன். எனக்கே ஏழு வருஷம் ஆயிற்று. இன்றைக்கு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அவரிடம் நீங்கள் இதுவரை மறைத்த அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். அடுத்து யாரிடம் போக வேண்டும் என்று அவர் காட்டுவார். அதுவும் இப்போது முடியாதவர்கள், கூட்டம் முடிந்த பிறகு என் பக்கத்தில் வந்து கொஞ்ச நேரம் உட்காருங்கள். நான் கடைசி வரிசையில் இருப்பேன். பேச வேண்டும் என்றுகூட இல்லை.